இரண்டாவது கையெழுத்து

போன மாதம் சூலூரிலிருந்து செல்வி போன் செய்தாள், முன்பு என்னோடு வேலை பார்த்தவள். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். டிப்ளமோ படித்தவள், வயது முப்பத்தொன்பது. வார்டு இன்சார்ஜ் ஆக வேண்டுமென்றால் டிகிரி வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டதாம். "வேலைய உட்டுப்போட்டு ரெகுலர் காலேஜுக்குப் போகட்டுங்களாக்கா? இல்ல, வேலையில இருந்துக்கிட்டே படிக்கற மாதிரி ஏதாச்சும் பாக்கட்டுங்களா?" என்று கேட்டாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை. நாற்பதை நெருங்கும் வயதில் இதைக் கேட்கிறவர்கள் பாதி முடிவு எடுத்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். அது சரியாக வராவிட்டால் திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும், அதற்குத்தான் நம்மைத் தேடுகிறார்கள். முப்பத்தைந்து வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவளுக்குத் திட்டு வாங்குவது புதிதல்ல. இருந்தாலும் புத்தி சொல்வதைவிட, எனக்கு நடந்ததை எழுதிக் கொடுத்துவிடுவது மேல் என்று தோன்றியது.

என் அப்பாவும் அம்மாவும் பொள்ளாச்சிப் பக்கம் தோட்டங்களில் கூலிக்குப் போனவர்கள். நான் பிளஸ் டூ முடித்ததும் எங்கள் பங்குச் சாமியார் இரண்டு விண்ணப்பங்களை வாங்கி வந்து கொடுத்தார். ஒன்று நான்கு வருட பி.எஸ்ஸி. நர்ஸிங். இன்னொன்று மூன்று வருட டிப்ளமோ. அதில் ஹாஸ்டலும் சாப்பாடும் ஆஸ்பத்திரியே கொடுக்கும். அப்பா இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எது சீக்கிரம் முடியும் என்று மட்டும் கேட்டார். அப்படித்தான் நான் டிப்ளமோ நர்ஸ் ஆனேன். மூன்று வருடமும் படுக்கை விரித்தேன், பெட்பேன் கழுவினேன், எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்தேன். அதைப்பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

இருபத்தொரு வயதில் கோயமுத்தூரில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். பெண்கள் மருத்துவ வார்டு, முப்பது கட்டில்கள். கல்யாணமாகி மதுக்கரைக்குக் குடிபோன பிறகும் அதே வார்டுதான். தினமும் உக்கடத்தில் பஸ் மாறி வருவேன். வீட்டுக்காரர் செல்வராஜ் சிமெண்ட் லாரி ஓட்டினார். இரண்டு பிள்ளைகள்.

நான் சேர்ந்தபோது அந்த வார்டின் சிஸ்டராக இருந்தவர் ரெஜினா மேடம். பிறகு ஆஸ்பத்திரிக்கே மேட்ரன் ஆனார். அவர் வார்டுக்குள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் பேனா. குரலை உயர்த்த மாட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் அலமாரியின் மேல் ஒரு விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, அந்த விரலை உங்கள் முன்னால் நீட்டுவார், அவ்வளவுதான். பிரியமாக இருந்தால் "நீ", "கண்ணு". கோபம் வந்தால் "நீங்க". நாம் சொன்ன சமாதானம் அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் "அப்படீங்களா" என்பார். அந்த ஒரு வார்த்தைக்கு வார்டே நடுங்கும். எனக்குப் பதினாறு வருடமாக "கண்ணு"தான். நான் அவர் வளர்த்த ஆள் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் அதில் கொஞ்சம் மப்பு உண்டு.

எனக்கு முப்பத்தேழு வயதானபோது எங்கள் ஆஸ்பத்திரியிலும் அந்தப் பேச்சு வந்தது. இனி இன்சார்ஜ் ஆகிறவர்களுக்கு டிகிரி வேண்டும். எங்கள் வார்டு இன்சார்ஜ் மூன்று வருடத்தில் ஓய்வு பெறப் போகிறார். அடுத்தது நான்தான் என்று மேடம் வாய்விட்டே சொல்லியிருந்தார். டிப்ளமோக்காரர்கள் டிகிரி வாங்க அப்போது இரண்டு வழி இருந்தது. ஒன்று, டிப்ளமோக்காரர்களுக்கான ரெகுலர் போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. இரண்டு வருடம், காலை முதல் மாலை வரை காலேஜ், யூனிஃபார்ம், வருகைப் பதிவு, மறுபடியும் முழு மாணவி. எங்கள் ஆஸ்பத்திரியில் அதற்கு விடுப்பு கிடையாது, ராஜினாமாதான். இன்னொன்று தபால்வழி. மூன்று வருடம். புத்தகம் வீட்டுக்கு வரும். அவ்வப்போது சில நாள் வகுப்பு. செய்முறைகளில் பெரும்பகுதியை வேலை பார்க்கும் இடத்திலேயே செய்து, லாக் புக்கில் மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கிக் காட்ட வேண்டும்.

தபால்வழிப் படிப்பை நான் குறைவாகச் சொல்லவில்லை. அதில் படித்து என்னைவிட நன்றாக வேலை செய்தவர்களை எனக்குத் தெரியும். கோளாறு எங்கள் வார்டில் இருந்தது. அது எனக்கு அப்போது தெரியாது.

வீட்டில் கேட்டதும் செல்வராஜ் சிரித்தார். "பதினாறு வருசமா ஊசி போடறவளுக்கு ஊசி புடிக்கறது எப்படீன்னு சின்னப் புள்ளைக சொல்லித் தரோணுமாக்கும்?" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளைய பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, காய்ச்சல் பார்ப்பது எப்படி என்று எழுதிக் கொண்டிருப்பதா? தபால்வழி என்று முடிவு செய்துவிட்டேன். மேடம் அனுபவச் சான்றிதழும் தடையில்லாச் சான்றிதழும் டைப் அடிக்கக் கொடுத்துவிட்டார். லாக் புக்கைப் பற்றிக் கேட்டதற்கு, "வந்த ஒடனே எங்கிட்டக் குடுத்துரு கண்ணு. ஒரே நாள்ல அத்தனையும் போட்டுத் தாரேன். உன் வேலைய நான் புதுசா வேற பாக்கோணுமா?" என்றார். அன்று அது எனக்குப் பெரிய பாராட்டாகத்தான் பட்டது.

அதற்கு இரண்டு வாரம் கழித்து நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

ரத்தம் ஏற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ரத்த வங்கியிலிருந்து பையும் படிவமும் வரும். இரண்டு நர்ஸ்கள் நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். நோயாளியையே பெயரைச் சொல்லச் சொல்ல வேண்டும். பெயர், கணவர் பெயர், ஆஸ்பத்திரி எண், ரத்த வகை, பையின் எண், காலாவதி நாள் ஆகியவற்றை ஒருத்தி வாய்விட்டுப் படிக்க, மற்றவள் ஒத்துப் பார்க்க வேண்டும். பிறகு இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். முதல் பதினைந்து நிமிடம் சொட்டுகளை மெதுவாக விட்டு, ஒருத்தி அங்கேயே இருக்க வேண்டும். ஒவ்வாமல் போனால் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் தெரியும். படிவத்திலேயே அச்சடித்திருக்கும்: நோயாளியின் படுக்கையருகே இருவரால் சரிபார்க்கப்பட்டது.

எங்கள் வார்டில் அதை மேஜையில் செய்வோம். நோயாளியின் ஃபைலை எடுத்து வந்து நர்ஸ் மேஜையில் பை, படிவம், ஃபைல் மூன்றையும் ஒத்துப் பார்த்து, அங்கேயே இரண்டு கையெழுத்தையும் போட்டுவிடுவோம். பிறகு ஒருத்தி மட்டும் பையை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போவாள். நான் சேர்ந்த புதிதில் ரெஜினா மேடம்தான் அப்படிச் செய்யக் கற்றுக் கொடுத்தார். காரணமும் சொன்னார். வார்டில் நின்று ரத்த வகையைச் சத்தமாகப் படித்தால் ஒறம்பரை, சொந்தபந்தம் பூராவும் கூடிவிடுவார்கள், யாருக்கு என்ன ஆச்சு என்று அழுகை ஆரம்பித்துவிடும், பக்கத்துக் கட்டில்காரர்களும் பயப்படுவார்கள். உண்மைதான். பதினாறு வருடத்தில் ஒரு தப்பும் நடந்ததில்லை. நடக்காததால் அதுவே முறை என்று ஆகிவிட்டது.

இன்னொரு வழக்கமும் எங்களிடம் இருந்தது. அது யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. வயதான பெண்களிடம் கணவர் பெயரைக் கேட்க மாட்டோம். அந்தத் தலைமுறை புருஷன் பேரை வாயால் சொல்லாது. கேட்டால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள், அல்லது மகனைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்வார்கள். எதற்குச் சங்கடம் என்று விட்டுவிடுவோம்.

அந்த வாரம் வார்டில் இரண்டு ராமாத்தாள்கள் இருந்தார்கள். ஐந்தாம் கட்டில் ராமாத்தாளுக்குப் பல்லடத்துக்குப் பக்கத்தில் தறி ஓட்டுகிற குடும்பம். பதினொன்றாம் கட்டில் ராமாத்தாள் மதுக்கரையில் மகள் வீட்டிலிருந்து வந்தவர். இருவருக்கும் ரத்தம் ரொம்பக் குறைவு. ஐந்தாம் கட்டிலுக்கு பி பாசிட்டிவ், அன்று காலையில் ஏற்ற வேண்டும். பதினொன்றுக்கு ஓ பாசிட்டிவ், மறுநாள்தான் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். நாங்கள் அடையாளத்துக்கு ஒருவரைப் பல்லடத்தம்மா என்றும், மற்றவரை மதுக்கரையம்மா என்றும் சொல்லிக்கொண்டோம்.

என்னோடு டூட்டியில் இருந்தவள் ஜான்ஸி. இருபத்துநான்கு வயது, சுறுசுறுப்பான பெண். மூன்று நாள் லீவு முடிந்து அன்று காலைதான் வந்திருந்தாள். இரண்டு நோயாளிகளையும் அவள் பார்த்ததில்லை. பை வந்தபோது நான் மருந்து வண்டியைத் தயார் செய்து கொண்டிருந்தேன். ஐந்தாம் கட்டில் ஃபைல் மேஜையில் இருந்தது. அவள் படித்தாள், நான் ஒரு கண்ணை மாத்திரை டப்பாவில் வைத்துக்கொண்டு ஆமாம், ஆமாம் என்றேன். ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அவள் முதல் கையெழுத்தைப் போட்டாள், நான் இரண்டாவது கையெழுத்தைப் போட்டேன். "பல்லடத்து ராமாத்தாவுக்குக் கண்ணு, போட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். கட்டில் எண்ணை நான் சொல்லவில்லை. படிவத்திலும் அது கிடையாது, கட்டில்கள் மாறிக்கொண்டே இருக்கும்.

ஐந்தாம் கட்டிலில் ஆள் இல்லை. அந்த அம்மா குளியலறைக்குப் போயிருந்தார். ராமாத்தாள் யார் என்று ஜான்ஸி விசாரிக்க, யாரோ பதினொன்றாம் கட்டிலைக் காட்டினார்கள். அவரிடம் போய், நீங்கள் ராமாத்தாள்தானே என்று கேட்டாள். ஆமாங்க என்றார். பல்லடம்தானே என்றாள். ஆமாங்க கண்ணு என்றார். ரத்தம் ஏற்றச் சொல்லியிருப்பது தெரியுமல்லவா என்றாள். அதற்கும் ஆமாங்க. மூன்று பதிலும் உண்மை. அந்த அம்மா பிறந்து வளர்ந்தது பல்லடம். எந்த ஊர் என்று கேட்டால் அவர் சாகும்வரை பல்லடம் என்றுதான் சொல்வார், மதுக்கரை மகளுடைய ஊர். இருவரையும் பிரித்துக் காட்டியிருக்கக்கூடியது படிவத்தில் இருந்த கணவர் பெயர். அங்கே பழனிச்சாமி என்றிருந்தது. ஜான்ஸி அதைக் கேட்கவில்லை. நானாக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

பதினைந்து நிமிடம் உட்கார வேண்டியவள், பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவிக்கு வாந்தி வந்ததால் எழுந்து போனாள். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் மருந்து வண்டியோடு அந்த வரிசைக்கு வந்தபோது பதினொன்றாம் கட்டிலில் சிவப்புப் பை தொங்குவதைப் பார்த்தேன். அந்த அம்மா கண்ணை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். என்ன செய்கிறது என்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க அம்மணி. இடுப்பு ரெண்டு பக்கமும் நெம்ப வலிக்குதுங்க. குளுருதுங்க. நீங்க வேலையா இருக்கீங்களேன்னு கூப்புடுல" என்றார்.

குழாயை அடைத்தேன். பையையும் குழாயையும் கழற்றி, புதுக் குழாயில் சலைன் ஓடவிட்டேன். டாக்டரைக் கூப்பிடச் சொல்லி ஆயாவை ஓடவிட்டேன். நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல் பார்த்தேன். மறு கையில் ரத்தம் எடுத்து, பையோடு ரத்த வங்கிக்கு அனுப்பினேன். கை தானாகவே வேலை செய்தது. மூளை மட்டும், பி-யை ஓ-வுக்குக் கொடுத்துவிட்டோம், பி-யை ஓ-வுக்குக் கொடுத்துவிட்டோம் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தது. அரை மணி கழித்து சிறுநீர்ப் பையில் இறங்கியது கட்டன்காப்பி நிறத்தில் இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

மத்தியானம் மேடம் எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். திட்டவில்லை. நடந்ததைக் கேட்டார், இரண்டு வெள்ளைத் தாள் கொடுத்தார். பிறகு, "படுக்கைக்குப் பக்கத்துல நின்னு பாத்தோம்னு ஃபார்ம்ல இருக்குது, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்படியே எழுதிருங்க. ஒரே பேரு, ஒரே ஊரு, தவறிப்போச்சு. அதுதானே உண்மை?" என்றார். அதில் பாதி உண்மைதான். நான் எழுதினேன். படுக்கையருகே இருவரும் சரிபார்த்தோம், பெயரும் ஊரும் ஒத்துப்போனதால் தவறு நேர்ந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஜான்ஸி என் தாளைப் பார்த்து எழுதினாள். என் சான்றிதழ்கள் இரண்டும் மேடத்தின் மேஜையில், கையெழுத்துக்காகக் காத்திருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டேதான் எழுதினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த நான்கு நாளும் டூட்டி முடிந்ததும் நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவேன். மணிக்கு ஒரு தரம் சிறுநீரை அளந்து எழுதியிருப்பார்கள். பத்து மில்லி. எட்டு. பன்னிரண்டு. குறைந்தது முப்பது மில்லியாவது வர வேண்டும். இரண்டு தடவை டயாலிசிஸ் செய்தார்கள். வெளியே பெஞ்சில் மகள் உட்கார்ந்திருப்பாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "அம்மாவப் பாக்க வந்தீங்களா சிஸ்டர்" என்பாள். ரத்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். டூட்டி இல்லாத நேரத்திலும் வந்து பார்க்கிற நல்ல நர்ஸ் என்று என்னை நினைத்திருந்தாள். அவள் எழுந்து நிற்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஐந்தாம் நாள் அளவு ஏறத் தொடங்கியது. பத்தாம் நாள் அந்த அம்மாவை வார்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். மகளும் பக்கத்தில் இருக்கும்போது போய்ச் சொன்னேன். வேறொருவருக்கு வந்த ரத்தத்தை உங்களுக்கு ஏற்றிவிட்டோம், சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரில் நான் ஒருத்தி, நான் உங்கள் கட்டில் பக்கமே வரவில்லை, வீட்டுக்காரர் பெயரைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், கேட்கவில்லை என்றேன். மகள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் மறுபடி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அது நியாயம்தான். தாயார்தான் பேசினார்.

"ஏன் கண்ணு கேக்குல?"

நீங்கள் சொல்லமாட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டோம் என்றேன்.

"அவரு பேரு சின்னச்சாமி. கேட்டா சொல்றேன். உசிரு போற எடத்துல என்னுங்க வெக்கம்? நீங்களா நெனச்சுக்கிட்டா நான் என்ன பண்ணட்டும்" என்றார். கோபமே இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்று வீட்டுக்குப் போய்ச் செல்வராஜிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது எனக்கே ஒன்று விளங்கியது. தபால்வழியில் போனால் என் செய்முறைகளைப் பார்த்துக் கையெழுத்துப் போடப் போகிறவர் மேடம். பார்க்காமலே போடுவேன் என்று அவரே சொல்லிவிட்டார். கட்டிலருகே போய்ப் பார்க்காமலே நான் ரத்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டதுபோல. என் வார்டில் என்னென்ன தப்பாகச் செய்கிறோம் என்று எனக்கு இனிமேல்தான் தெரிய வேண்டும். அதை அதே வார்டில் இருந்துகொண்டு, அதே ஆளிடம் எப்படித் தெரிந்துகொள்வது? செல்வராஜ் இந்த முறை சிரிக்கவில்லை. லாரி ஓட்டுகிறவர், அவருக்குப் புரிந்தது. "தப்பாப் பழகின டிரைவரத் திருப்பி எல் போர்டு மாட்டித்தான் ஓட்ட உடோணும். போய்ப் படி, ரெண்டு வருசந்தானே" என்றார்.

மறுநாள் மேடத்தின் அறைக்குப் போனேன். முதல் அறிக்கையை மாற்றி எழுதிய தாளைக் கொடுத்தேன். மேஜையில் வைத்துத்தான் சரிபார்த்தோம், பல வருடமாக அதுதான் வார்டின் வழக்கம், நான் இரண்டாவது கையெழுத்தைக் கவனமில்லாமல் போட்டேன் என்று அதில் எழுதியிருந்தேன். கற்றுக் கொடுத்தது யார் என்று எழுதவில்லை. தபால்வழிச் சான்றிதழ்கள் வேண்டாம், ரெகுலருக்குப் போகிறேன், ஜூன் மாதம் ராஜினாமா செய்கிறேன் என்றும் சொன்னேன். அவர் தாளை இரண்டு தடவை படித்தார். கயிற்றில் தொங்கிய பேனாவைக் கையில் எடுத்தார், எழுதாமல் விட்டார்.

"அப்படீங்களா" என்றார்.

அதற்குப் பிறகு நான் அவருக்கு "நீங்க" ஆனேன். அதுவும் ஆஸ்பத்திரி வேலை சம்பந்தமாக இரண்டொரு வார்த்தை மட்டும்தான். ஜான்ஸியை வெளிநோயாளி பிரிவுக்கு மாற்றினார்கள், வேலை போகவில்லை. பிறகு அவள் வளைகுடாவுக்குப் போய் நன்றாக இருக்கிறாள். எனக்கு வார்டில் பாதிப்பேர் பைத்தியக்காரி என்றும், மீதிப்பேர் மேட்ரனைக் காட்டிக் கொடுத்தவள் என்றும் பெயர் வைத்தார்கள். வளர்த்த கடா மார்பில் பாய்ந்துவிட்டது என்று ஒரு சிஸ்டர் என் காதுபடவே சொன்னார்.

காலேஜைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. முப்பது பேர் வகுப்பு, என்னைத் தவிர எல்லோரும் முப்பதுக்குக் கீழே. வகுப்புக்குள் நுழைந்த முதல் நாள் டீச்சர் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். உயிர்வேதியியலில் ஒரு தடவை தோற்றேன். மடிப்புப் பாவாடை மாதிரி இஸ்திரி போட்ட மாணவி யூனிஃபார்மில் உக்கடத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பழைய நோயாளிகள் பார்த்துவிட்டு, வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்களா என்று அக்கறையாக விசாரித்தார்கள். வீட்டில் ஒரு சம்பளம் குறைந்ததால் பிள்ளைகளுக்கு அந்த இரண்டு வருடம் கொஞ்சம் பணமுடைதான். அதை அவர்கள் இன்றும் சொல்லிக் காட்டுவதுண்டு.

ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். ரத்தம் ஏற்றும் பாடம். டியூட்டருக்கு இருபத்தேழு வயது. தப்பான வகை ரத்தம் ஏறினால் வரும் அறிகுறிகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, நேரில் பார்த்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார். எல்லோரும் அனுபவசாலியான என் பக்கம் திரும்பினார்கள். பார்த்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. நான் எழுந்து, "பாத்தது மட்டுமில்லீங்க மிஸ், செஞ்சதே நாந்தான்" என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினாறு வருடம் வேலை பார்த்த இடத்தில் இதை இப்படிச் சொல்ல எனக்கு ஓர் இடம் இருந்ததில்லை. ரெகுலர் படிப்பில் எனக்குக் கிடைத்தது எது என்று கேட்டால் அந்த ஒரு மணி நேரத்தைத்தான் சொல்வேன். டிகிரி அதற்கப்புறம்தான்.

படித்து முடித்து அதே ஆஸ்பத்திரியில் விண்ணப்பித்தேன். சேர்த்துக்கொண்டார்கள், கடைசிப் படி ஸ்டாஃப் நர்ஸாக. எனக்கென்று சொன்ன இன்சார்ஜ் பதவி என்னைவிட எட்டு வயது இளையவளுக்குப் போயிருந்தது. அவள் தபால்வழியில் டிகிரி வாங்கியவள். வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் நான் திரும்பி வந்தபோது ரத்தப்பை மேஜையில் நிற்காமல் நேராகக் கட்டிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. யார் மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை, மேலிருந்து சுற்றறிக்கை வந்தது என்றார்கள். ரெஜினா மேடம் மறு வருடம் ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவில் வரிசையில் நின்று கும்பிட்டேன். "வாங்க" என்றார், அவ்வளவுதான். இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் வருத்தம் இருந்தது. இன்சார்ஜ் பதவி எனக்கு ஐம்பதாவது வயதில்தான் கிடைத்தது, அதுவும் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வார்டில்.

அங்கேதான் இரண்டு வருடம் கழித்து ரெஜினா மேடம் நோயாளியாக வந்தார். எழுபது வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவு. அறுவை சிகிச்சை முடிந்து, ரத்தம் குறைந்திருந்தது. ஒரு பை ஏற்றச் சொல்லியிருந்தார்கள். நானும் வித்யா என்ற ஸ்டாஃப் நர்ஸும் பையும் படிவமுமாகப் போய் நின்றோம். முற்பகல் பதினோரு மணி இருக்கும். அப்போதெல்லாம் கையில் பெயர்ப்பட்டை கட்டும் வழக்கம் வந்துவிட்டது. அதைப் படித்தேன். பிறகு, "உங்க பேரச் சொல்லுங்க மேடம்" என்றேன்.

வித்யா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஆஸ்பத்திரியில் அவர் பெயர் தெரியாத ஆள் கிடையாது. மேடம் என் முகத்தையே பார்த்தார். கையிலதான் கட்டியிருக்கே, படிச்சுக்கங்க என்றார். படித்துவிட்டேன், நீங்களும் சொல்ல வேண்டும் என்றேன். பையை நான் தொங்கவிடவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அவர் சொல்லாமல் இருந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

"ரெஜினா. ஊட்டுக்காரர் பேரு ஆரோக்கியசாமி" என்றார். பிறகு வயதைச் சொன்னார். ரத்த வகையையும் கேட்காமலே சொன்னார். வித்யா வாய்விட்டுப் படித்தாள், நான் ஒத்துப் பார்த்தேன். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். பையை மாட்டிச் சொட்டுகளை எண்ணிவிட்டு, வித்யாவை மற்ற வேலைக்கு அனுப்பிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"நீ எழுதிக் குடுத்த ரெண்டாவது ரிப்போர்ட்ட மேல அனுப்பறப்ப, அடியில நான் ஒரு வரி சேத்துப்போட்டேன்" என்றார். "மேஜையில பாக்கச் சொல்லிக் குடுத்தது நாந்தான்னு. எனக்கு ரெண்டு வருசம் எக்ஸ்டென்ஷன் தர்றதா இருந்தாங்க. அது நின்னுபோச்சு. சுற்றறிக்கை எழுதுனதும் நாந்தான்."

எனக்குத் தெரியாதுங்க மேடம் என்றேன்.

"தெரியாதுன்னு தெரியும். கோவத்துல பேசாம இருக்கேன்னு நெனச்சிருப்பே. உன்னையப் பாக்கறப்பெல்லாம் எனக்கு ஒரே யோசனைதான் வரும். இந்த மாதிரி இன்னும் என்னென்னத்தத் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கேனோ, எத்தன பேருக்கோன்னு." மூச்சு வாங்கிக்கொண்டார். "நீ வேலைய உட்டுப்போட்டுப் போய் முதல்ல இருந்து படிச்சே. எனக்கு அப்ப அம்பத்தஞ்சு வயசு, மேட்ரன் வேற. நான் எந்தக் காலேஜுக்குப் போறது, நீயே சொல்லு கண்ணு."

அவர் கையைப் பிடித்து நாடியைப் பார்த்தேன், சரியாக இருந்தது. இடுப்பு வலிக்கிறதா, குளிர்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். பதினைந்து நிமிடம் முடிந்திருந்தது. முறைப்படி நான் எழுந்து போகலாம். போகவில்லை. பை காலியாகும் வரை அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன்.